தேனாம்பேட்டையில் மனு கொடுத்தால் ஜெனிவாவில் கடிகாரம் நிற்காது

போன வருஷம் மே 19ஆம் தேதி, தம்புச்செட்டித் தெருவில் இருக்கும் என் வக்கீல் அறைக்கு ஒரு பெண்மணி பிளாஸ்டிக் ஃபோல்டரோடு வந்தார். ஐ.நா. குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் எட்டு வருஷ வேலை, காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. மெயிலை பிரிண்ட் எடுத்து, வருந்துகிறோம் என்ற வரிக்கு மஞ்சள் கோடு போட்டிருந்தார். நான் தேடியது தேதியை. அது பிரிண்டில் வெட்டுப்பட்டிருந்தது; போனில் திறந்து பார்த்தால் மார்ச் 4. எண்ணிப் பார்த்தேன், 76ஆவது நாள்.

அவர் சும்மாவும் இருக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க மேடம், பேசிப் பார்க்கிறேன்" என்று மேலதிகாரி சொன்னதை நம்பி ஒரு மாதம் காத்திருந்தார், அப்புறம் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்குப் போய்த் தொழிலாளர் துறையில் மனுவும் கொடுத்தார். நம்ம ஊர் கம்பெனி என்றால் எல்லாமே சரியான வேலைதான். இங்கே ஒன்றுகூட எடுபடாது.

ஏனென்றால் ஐ.நா.வுக்குச் சட்ட விலக்கு உண்டு. 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஒட்டி இந்தியா 1947லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது. அவர்களாக விலக்கை விட்டுக்கொடுத்தாலொழிய நம் தொழிலாளர் நீதிமன்றம் அவர்களைக் கூப்பிட முடியாது. அரசுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு போடலாமே என்று ஜூனியர்கள் கேட்பார்கள், ஐ.நா. என்பது நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்லும் 'அரசு' அல்ல, அதன் மீது ரிட் செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020ல் சொல்லியிருக்கிறது.

அதற்காக ஊழியர் அநாதை இல்லை. வெளியே கோர்ட் இல்லாத ஊழியருக்கு உள்ளேயாவது ஒரு நீதி வழி இருக்க வேண்டும் என்பதைச் சர்வதேச நீதிமன்றம் 1954லேயே ஏற்றுக்கொண்டது. இப்போதைய அமைப்பு 2009 ஜூலை 1 முதல் நடக்கிறது: நியூயார்க், ஜெனிவா, நைரோபியில் தகராறு தீர்ப்பாயம், அதற்கு மேல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்.

ஆனால் நேராக அங்கே போக முடியாது. முதலில், முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் 'மேனேஜ்மெண்ட் எவால்யுவேஷன்' கேட்டு எழுத வேண்டும். எடுத்த முடிவை நிர்வாகமே இன்னொரு தடவை பார்க்கும் படி அது. 60 என்றால் சனி, ஞாயிறு, பொங்கல் லீவு எல்லாம் சேர்த்துத்தான். நியூயார்க்குக்கு வெளியே இருப்பவர்களுக்கு 45 நாளில் பதில் வர வேண்டும். பதில் வந்தால் அந்த நாளிலிருந்து, வராவிட்டால் அந்த 45 நாள் முடிந்ததிலிருந்து 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனு. இந்த முதல் 60 நாளைத் தளர்த்தத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. நம்ம ஊர் மாதிரி 'தாமதத்தை மன்னிக்கவும்' என்று ஒரு மனு சேர்த்துப் போட்டுத் தப்பிக்கிற பழக்கம் இங்கே உதவாது.

இன்னொரு தப்பு, எனக்கே இதை விளக்கி விளக்கி வாய் வலிக்கிறது. ஏப்ரலில் அவர் திரும்ப எழுதிக் கேட்டதற்கு ஹெச்.ஆர். 21ஆம் தேதி 'முடிவில் மாற்றமில்லை' என்று பதில் போட்டிருந்தது. அதிலிருந்துதான் கணக்கு என்று அவர் நினைத்திருந்தார். இல்லை. பழைய முடிவையே திரும்பச் சொன்னால் கடிகாரம் புதிதாக ஓடாது. ஐ.நா.வுக்குள்ளேயே தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் ஆம்புட்ஸ்மன் மூலம் சமரசம் பேசிக்கொண்டிருந்தால்கூட, கெடு நீட்டிக்கப்பட்டது என்று எழுத்தில் வாங்கும் வரை 60 நாள் 60 நாள்தான்.

அவர் மார்ச்சிலேயே வந்திருந்தால் முடிவை நிறுத்திவைக்கச் சொல்லி அவசர மனு போட்டிருக்கலாம், நம்ம பாஷையில் ஸ்டே. மேலோட்டமாகப் பார்த்தாலே முடிவு தப்பு, அவசரம், ஈடுகட்ட முடியாத நஷ்டம் என்று மூன்றையும் காட்ட வேண்டும், லேசில் கிடைக்காது. புதுப்பிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு மட்டும் வழக்காகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுப்பிப்போம் என்று எழுத்தில் உறுதி தந்திருக்க வேண்டும், அல்லது சொன்ன காரணம் பொய் என்றோ உள்நோக்கம் என்றோ நீங்கள் காட்ட வேண்டும். செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். ஐ.நா.வின் ஊழியர் சட்ட உதவி அலுவலகம் இலவசம், என்னைப் போன்ற ஆள் கட்டாயமில்லை.

எல்லா அமைப்புக்கும் இதே கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தரமணியில் அலுவலகம் வைத்திருக்கும் உலக வங்கிக்கு 1980லிருந்து தனித் தீர்ப்பாயம், அங்கே 120 நாள். உலக சுகாதார நிறுவனத்து ஆட்கள் உள் முறையீட்டை முடித்துவிட்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் தீர்ப்பாயத்துக்கு 90 நாளில் போக வேண்டும். கன்சல்டன்ட் காண்ட்ராக்ட் என்றால் ஐ.நா. தீர்ப்பாயமே கிடையாது, நடுவர் மன்றம்தான். அதனால் என்னிடம் வருபவர்களிடம் முதலில் நியமனக் கடிதத்தைத்தான் கேட்கிறேன்.

அந்தப் பெண்மணிக்கு ஆம்புட்ஸ்மன் வழி மட்டுமே மிச்சம் இருந்தது. வேலை திரும்பவில்லை. மூன்று மாதம் பேசி ஒரு நல்ல பரிந்துரைக் கடிதம் கிடைத்தது. அதையும் அதே ஃபோல்டரில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார்.