பைக்கில் ஏறும் தேக்கு

நீராவிக் காலத்து எந்திரம் போலப் பித்தளை, தோல், மரம் சேர்த்து மோட்டார் சைக்கிளை மாற்றுவதுதான் ஸ்டீம்பங்க் பாணி. பர்மாவில் ரங்கூன் நகருக்குள் பைக்குக்குத் தடை என்பதால் இது மோல்மீன், மாந்தலேக்காரர்களுக்கே பயன்படும். அங்கே நல்ல மரத்துக்குக் குறைவில்லை. இழைத்து மெருகேற்றிய பக்கப் பலகை ஒரு வருஷத்தில் வெடித்தால், பழி மரத்துக்குப் போகிறது. பெரும்பாலும் குற்றம் அதை இறுக்கிய போல்ட்டில்.

மரம் காற்றின் ஈரத்தை வாங்கி அகலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். காற்றின் ஈரப்பதம் 85% இருக்கும் மழை நாட்களில் பலகைக்குள் சுமார் 18% ஈரம் தங்கும். 45%க்கு இறங்கும் கோடையில் 8% ஆகிவிடும். இந்த வித்தியாசத்துக்கு 100 மி.மீ. அகலத் தேக்கு ஏறக்குறைய 1.9 மி.மீ. அசையும். பலகையின் நுனியில் வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்ததானால் 1 மி.மீ.தான். வாங்கும்போது நுனியைப் பார்த்து வாங்குங்கள். பழைய வீட்டு நிலை, உத்தரம் கிடைத்தால் இன்னும் மேல். ஆனால் உள்ளே புதைந்த ஆணியைக் காந்தம் வைத்துத் தேடிய பிறகே ரம்பம் வைக்க வேண்டும். வேங்கை இனத்து மரமான படாவுக் நிறத்தில் அழகு, எடையிலும் கூடுதல்.

இனி பொருத்துவது. 6 மி.மீ. போல்ட்டுக்கு நடுத் துளை மட்டும் வட்டம், கீழே சொல்லும் பித்தளைக் குழாய் சரியாக நுழையும் அளவுக்கு. ஓரத் துளைகளை ரேகைக்குக் குறுக்காக 10 மி.மீ. நீளத்துக்கு இழுத்து விடுங்கள்; உப்பும்போது பலகை நகர இடம் வேண்டும். துளைக்குள் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்று, பலகையின் கனத்தைவிட அரை மி.மீ. நீளமாக. நட்டு இறுகுவது அதன்மேல்தான், மரம் நசுங்காது. அடியில் ரப்பர் வாசர் இல்லாவிட்டால் எஞ்சின் அதிர்வில் துளை நாளடைவில் பெரிதாகும். பித்தளை ஸ்க்ரூவை நேராகத் தேக்கில் ஏற்றினால் கழுத்து முறியும்: முன்துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவால் மரை வெட்டி, கழற்றிவிட்டுப் பித்தளையைப் போடுங்கள். இரும்பை அப்படியே விட்டுவிட்டால், ஈரம் பட்டுச் சுற்றிலும் கறுப்புக் கறை.

டேங்க் போல வளைந்த இடத்துக்கு 2 மி.மீ. மரத் தகடுகள் ஐந்தை அச்சில் வைத்து எபாக்சியால் ஒட்டுங்கள். தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்ட விடாது. ஒட்டுமுன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். தேக்கில் மணல்சத்து உண்டு, இழைப்புளி அலகு சீக்கிரம் மழுங்கும். சாதாரண எபாக்சி 60 டிகிரி தாண்டினால் இளகத் தொடங்கும். சைலென்சர் பக்கம் அந்தத் துண்டு வேண்டவே வேண்டாம். மெருகுக்கு இரட்டைக் கலவை பாலியூரித்தேன் நல்லது, பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும். உட்புறமும் பூசுங்கள்; ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை வளையும். ஈரம் அதிகம் ஏறுவது நுனி வழியாக என்பதால் அங்கே இரண்டு மூன்று கை கூடுதல்.

கால் மிதி, பிரேக் நெம்பு இவற்றில் மரம் கூடாது. கைப்பிடி செய்யலாம், கவனத்தோடு. மரம் காயும்போது துளை சுருங்கும், உள்ளே இருக்கும் குழாய் விட்டுக்கொடுக்காது. பிளவு அங்கேதான் விழும். அரை மி.மீ. தளர்வாகத் துளைத்து, எபாக்சிக்குப் பதில் நெகிழ்வான சிலிக்கான் பசை போடுங்கள். ஆக்சிலேட்டர் பக்கம் சுவிட்சுப் பெட்டிக்கும் மரத்துக்கும் 2 மி.மீ. இடைவெளி கட்டாயம். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். சடக்கென்று தானே திரும்பாவிட்டால், எங்கே உரசுகிறதோ அங்கே அரத்தால் ராவிச் சரிசெய்யும்வரை வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.