‘கிளவுட்’டும் ‘குடோனும்’: சொல் விளக்கம்

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தூள் வைக்கும் இடங்களில் இப்போது இப்படியும் பேச்சு நடக்கிறது:

“நம்ம லாட் வந்திருச்சுங்களாண்ணா?”

“குடோன்ல இறக்கியாச்சு தம்பி, கிளவுட்லயும் ஏத்தியாச்சு. போன்லயே பாத்துக்கலாம்.”

லாட் என்பது ஏலத்துக்கு ஒன்றாக வரும் மூட்டைத் தொகுதி. மூட்டை குடோனில் இறங்குகிறது, அதன் கணக்கு இணையம் வழியே வேறெங்கோ இருக்கும் வாடகைக் கணினியில், அதாவது கிளவுடில், ஏறுகிறது. இரண்டுக்கும் ஆளுக்கொரு இங்கிலீஷ் சொல். இவற்றில் குடோன் நம் சொல்தான். கடல் தாண்டிப் போய் வேறு வேஷத்தில் திரும்பியிருக்கிறது. கிளவுட் அசல் வெளியூர்ச் சொல். ஆனால் அதன் வேரைத் தேடினால் ஒரு மலையில் போய் நிற்போம்.

முதலில் குடோன். ‘கிட’ என்ற வினையிலிருந்து பிறந்தது கிடங்கு. பழந்தமிழில் அதற்கு அகழி, பள்ளம் என்று பொருள். மதுரைக் கோட்டையைச் சொல்லும்போது மதுரைக்காஞ்சி ‘மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கின்’ என்கிறது. பூமியைத் தொடும்படி ஆழ்ந்த, நீலமணி நிற நீர் நிறைந்த அகழி. தானியத்தைக் குழி வெட்டிப் புதைத்து வைத்த நாட்டில், பள்ளத்துக்கு இருந்த பெயர் சரக்கு வைக்கும் இடத்துக்கும் ஆகிவந்ததில் வியப்பில்லை. தென்பாண்டிப் பக்கம் அது கிட்டங்கி. சிங்கப்பூரில் செட்டியார்கள் கடை வைத்துத் தங்கித் தொழில் செய்த வீடுகளுக்கும் கிட்டங்கி என்றே பெயர். மலாய் மொழியில் இன்றும் சரக்கறை ‘குடாங்’. தமிழ், தெலுங்குக் கரைகளிலிருந்து அங்கே போன சொல்லே ஐரோப்பிய வணிகர் வாயில் ‘கோடவுன்’ ஆனது என்பது சொல்லாய்வாளர் பலர் கருத்து. அதைத்தான் நாம் குடோன் என்று திரும்ப வாங்கிக்கொண்டோம். எனவே எழுதும்போது கிடங்கு என்று எழுதுவதற்கு யாரும் தயங்க வேண்டாம். பண்டகசாலை என்ற சொல்லும் சரிதான், ஆனால் அதில் அரசு அலுவலக வாடை கொஞ்சம் தூக்கல்.

இனி கிளவுட். பழைய ஆங்கிலத்தில் ‘க்ளூட்’ என்றால் பாறை, குன்று. வானத்தில் திரண்டு நிற்கும் மேகக் கூட்டம் குன்று போலத் தெரிந்ததால், பிற்காலத்தில் பெயர் கீழிருந்து மேலே போய் ஒட்டிக்கொண்டது. தமிழிலும் இப்படி ஒரு நகர்வு உண்டு, ஆனால் மேலிருந்து கீழே. சங்கப் பாட்டில் மழை என்ற சொல் பல இடங்களில் மேகத்தைக் குறிக்கும். இன்று அது விழும் நீரை மட்டும் குறிக்கிறது. முகில், மஞ்சு, கொண்டல், எழிலி என்று மேகத்துக்கு நம்மிடம் பெயர்ப் பஞ்சமே கிடையாது. நீலகிரி மலையிலுள்ள மஞ்சூர்க்காரர்களுக்கு மஞ்சு என்றால் என்னவென்று அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சொல் கணினிக்குள் நுழைந்த வழி வேறு. வலையமைப்பு வரைபடம் போட்ட பொறியாளர்கள், தங்கள் பொறுப்பில் இல்லாத தொலைதூரப் பகுதியை மேக உருவமாக வரைந்தார்கள். உள்ளே என்ன நடந்தாலும் நமக்குக் கவலையில்லை, இந்தப் பக்கம் போட்டது அந்தப் பக்கம் வரும் என்பது அந்தப் படத்தின் பொருள். 1996-லேயே காம்பேக் நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்றில் ‘கிளவுட் கம்ப்யூட்டிங்’ என்ற தொடர் இருக்கிறது. 2006-ல் அமேசான் தன் கணினித் திறனையும் சேமிப்பிடத்தையும் வெளியாருக்கு வாடகைக்கு விடத் தொடங்கிய பிறகுதான் ஊரெல்லாம் பரவியது.

வாடகை என்பதுதான் இங்கே உயிர்நாடி. 1958-ல் தொடங்கிய தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனத்தில் வியாபாரி என்ன செய்கிறார்? சொந்தமாகக் கட்டடம் கட்டாமல், மூட்டைக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி, ரசீதைக் கையில் வைத்துக்கொள்கிறார். கிளவுடும் அதே ஏற்பாடுதான், மூட்டைக்குப் பதில் கணக்கு. இப்படிச் சொன்னால் கிடங்குத் தொழிலில் இருப்பவருக்கு ஒரே நிமிடத்தில் பிடிபடும். மேகம் என்ற சொல் அவரைக் குழப்பவே செய்யும். ஏனென்றால் அந்தக் கணக்கு வானத்தில் இல்லை, தரையில் ஏதோ ஒரு கட்டடத்தில், ஏ.சி. ஓடும் அறையில் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் தரவு மையம் சென்னையிலேயே 2015 முதல் இயங்குகிறது. அமேசானுடையது மும்பையில் 2016 முதல்.

அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் (NIST) 2011-ல் கிளவுட் கம்ப்யூட்டிங்குக்குக் கொடுத்த வரையறையில் ஐந்து இலக்கணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் நீலகிரித் தேயிலைத் தொழிலுக்கு நேராகப் பொருந்துவது இரண்டு: வேண்டியபோது விரிந்து சுருங்குவது, பயன்பாட்டை அளந்து கணக்கிடுவது (பெரும்பாலும் அந்த அளவுக்கே கட்டணம்). பசுந்தேயிலை வரத்து ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. மழைக்குப் பிறகு கொழுந்து குவியும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் செடி கருகி வரத்து படுத்துவிடும். உச்சக்கட்ட வரத்துக்கு ஏற்ற கணினியைச் சொந்தமாக வாங்கி வைத்தால் பனிக்காலம் முழுக்க அது தூங்கும்.

வேலை எப்படி நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 1963-ல் தொடங்கிய குன்னூர் தேயிலை ஏலம் இப்போது மின்னணு முறையில் நடக்கிறது. ஆலையிலிருந்து தூள் வந்ததும் கிடங்கில் எடை பார்த்து வரவு அறிக்கை எழுத வேண்டும். அதன் பிறகே லாட் ஏலப் பட்டியலில் ஏறும். அந்த அறிக்கை நோட்டிலேயே கிடந்தால் ஆலைக்காரர், தரகர், வாங்குபவர் மூவரும் போன் போட்டே சலித்துப்போவார்கள். மூட்டையில் ஒட்டிய குறியீட்டைக் கைப்பேசியால் படித்தவுடன் அதே வரி மூவர் திரையிலும் தெரிவதுதான் கிளவுட் தரும் ஆதாயம். எந்த லாட் முதலில் வந்தது, எது முதலில் போக வேண்டும், எந்த அறையில் ஈரம் ஏறுகிறது என்பதும் தெரியும். தூளில் ஈரம் ஏற ஏறத் தரம் இறங்கும். பக்கத்தில் பூண்டு மூட்டை இருந்தால் அந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். எந்த அறையில் எதை வைக்கக் கூடாது என்ற விதியை மென்பொருளில் ஒருமுறை எழுதி வைத்தால், புதிதாக வந்த பையனும் தவறாக அடுக்க மாட்டான்.

வண்டி விஷயமும் இதோடு சேர்ந்தது. கூடலூரிலிருந்து மைசூர் போகும் லாரி, பந்திப்பூர்க் காட்டுவழியில் இரவு 9 மணிமுதல் காலை 6 மணிவரை ஓட முடியாது. 2009 முதல் தடை. மாலையில் மூட்டை ஏற்றுவது ஒரு மணி நேரம் தாமதமானால் சரக்கு ஓர் இரவு முழுக்க எல்லையில் நிற்கும். கிடங்கில் எப்போது மூட்டை தயார், லாரி எந்த வளைவில் வருகிறது என்பதை ஒரே திரையில் பார்க்க முடிந்தால் அந்த இரவு மிச்சம்.

ஒன்று சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் பந்தலூர்ப் பக்கம் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும். இணையம் இல்லாதபோது கைப்பேசியிலேயே பதிந்து வைத்து, சிக்னல் வந்ததும் தானே ஏற்றிக்கொள்ளும் வசதி இல்லாத மென்பொருள் மலைக்கு ஆகாது. வாடகையை நிறுத்தினால் என் பழைய கணக்கு எந்த வடிவில் என் கைக்கு வரும் என்றும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும். கிடங்கில் ரசீதைக் காட்டினால் மூட்டை திரும்ப வரும். இங்கே அந்தப் பேச்சை நாம்தான் எடுக்க வேண்டும்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ‘மேகக் கணினி’ என்று பலர் எழுதுகிறார்கள். அது பொருந்தாது. கணினி என்பது பொருள், இங்கே பேசுவது ஒரு செயல்முறை. அதற்குக் கணிமை என்ற சொல் இருக்கிறது. ஆகவே மேகக் கணிமை. மேகம் வடசொல் ஆயிற்றே என்பவர் முகிற்கணிமை என்று எழுதலாம், பிழையில்லை. என் வாக்கு மேகத்துக்கே, அது ஊர் வாயில் இருக்கிறது.

‘மேகக் கிடங்கு’ என்ற தொடரில்தான் வம்பு. தரவைச் சேமிக்கும் சேவையையும் அப்படிச் சொல்கிறார்கள், மூட்டைக் கிடங்கை இணையவழி நடத்தும் மென்பொருளையும் அப்படிச் சொல்கிறார்கள். முன்னது மேகச் சேமிப்பு. பின்னது மேகவழிக் கிடங்கு மேலாண்மை. தரவுக் கிடங்கு என்பது மூன்றாவது சரக்கு: பல ஆண்டுக் கணக்கைத் திரட்டி ஆராய்வதற்காக வைப்பது.

லாஜிஸ்டிக்ஸுக்கு ‘தளவாடம்’ என்று போடுவதை நிறுத்தலாம். தளவாடம் என்பது கருவி, போர்ச்சாமான். ஏற்பாட்டியல் என்றொரு ஆக்கச் சொல் உண்டு. கட்டுரைக்கு ஆகும், மண்டியில் எடுபடாது. சரக்குப் போக்குவரத்து என்றால் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் எல்லோருக்கும் புரியும்.

எழுத்துவழக்கில் இப்படி வரும்: ‘மேகவழிக் கிடங்கு மேலாண்மைக்கு மாறிய பின், வரவு அறிக்கை அன்றைக்கே தரகருக்குப் போய்விடுகிறது.’ பேச்சில் ‘ஆன்லைன்ல குடோன் கணக்கு’ என்றாலே போதும்.