சிஜிநாட்: வழங்குநர் முகவரிப் பெயர்ப்பு

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைய டிஷ்ஷைக் கூரையில் ஏற்றியாகிவிட்டது, வேகமும் நன்றாக வருகிறது. ஆனால் வீட்டு சிசிடிவி ரெக்கார்டரை வெளியூரிலிருந்து பார்க்கலாம் என்று போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பும் ரவுட்டர் அமைப்பு) போட்டால் எடுபடுவதில்லை. ரெக்கார்டரிலும் குறை இல்லை, கேபிளிலும் இல்லை. குறுக்கே நிற்பதன் பெயர் சிஜிநாட். இலங்கையில் 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்த பிறகு தமிழிலும் அடிக்கடி அடிபடும் சொல் இது.

பொருள்: பல சந்தாதாரர்களை ஒரே பொது ஐபிவி4 முகவரிக்கு (இணையத்தில் கருவியை அடையாளம் காட்டும் பழைய வகை எண்) பின்னால் வைத்து, அவரவர் இணைப்பைப் போர்ட் எண்ணால் (ஒரே முகவரிக்குள் இணைப்புகளைப் பிரிக்கும் துணை எண்) பிரித்தறியும் ஏற்பாடு. வீட்டு ரவுட்டர் நம் போனையும் டிவியையும் ஒரே முகவரியில் வெளியே அனுப்புகிறதே, அதே வேலையை இணையச் சேவை நிறுவனம் தன் பக்கத்தில் இன்னொரு முறை செய்கிறது. உள்ளிருந்து தொடங்கும் இணைப்புக்குப் பதில் ஒழுங்காகத் திரும்பி வரும். வெளியிலிருந்து தானாக வருவதை யாரிடம் சேர்ப்பது என்று அங்குள்ள பட்டியலில் பதிவு இராது, எனவே அது அங்கேயே கழிக்கப்படும்.

விரித்தால் ‘கேரியர் கிரேடு நெட்வொர்க் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன்’. இதில் கேரியர் என்பது ஆங்கிலச் சட்டத்தின் ‘காமன் கேரியர்’, அதாவது கூலி கொடுத்தால் யார் சரக்கையும் மறுக்காமல் ஏற்றிச் செல்ல வேண்டிய வண்டிக்காரர். 1910இல் அமெரிக்கச் சட்டம் தந்தி, தொலைபேசி நிறுவனங்களையும் இந்த வகையில் சேர்த்தது. ஆகவே ‘கடத்தி’, ‘சுமப்பான்’ என்றெல்லாம் எழுதுவது பிழை. கடத்தி என்றால் செம்புக் கம்பிதான் நினைவுக்கு வரும். ‘கேரியர் கிரேடு’ என்பது தொலைபேசி நிலையத்தில் வைக்கத் தகுந்த தரம். ஆண்டு முழுவதிலும் சுமார் ஐந்தேகால் நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது அதன் வழக்கமான அளவுகோல், அதாவது 99.999 சதவீத நேரம் இயங்க வேண்டும்.

டிரான்ஸ்லேஷனின் லத்தீன் வேருக்கு ‘அக்கரைக்குக் கொண்டுபோனது’ என்று பொருள். தமிழில் பெயர்த்தல் அதற்கு நேராக நிற்கிறது: கல்லைப் பெயர்க்கிறோம், ஊரை விட்டு இடம்பெயர்கிறோம். ‘முகவரி மொழிபெயர்ப்பு’ என்று சில தளங்களில் காண்பது தவறு, இங்கே மொழி எங்கே வந்தது? ‘முகவரி மாற்றம்’ என்றால் ரேஷன் கார்டு விண்ணப்பம் ஆகிவிடும். எழுத்தில் ‘வழங்குநர் முகவரிப் பெயர்ப்பு’, பேச்சில் சிஜிநாட். இதுவே போதும்.

1981இல் வரையறுத்த ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம், மொத்தம் சுமார் 430 கோடி. போதாது என்று தெரிந்ததும் 1994இல் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற பொறியாளர்கள் இருவரும் முகவரிப் பெயர்ப்பைத் தற்காலிக ஏற்பாடாக முன்வைத்தார்கள். நிரந்தரத் தீர்வான 128 பிட் ஐபிவி6-இன் முதல் வரையறை 1995 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ள மாட்டா, பழையதையும் விடாமல் வைத்திருந்தே ஆக வேண்டும். 2011 பிப்ரவரியில் ஐபிவி4 முகவரிகளின் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தர ஆவணம், வழங்குநர் பெயர்ப்புக்கென்றே 100.64.0.0/10 தொகுதியை ஒதுக்கியது. தற்காலிகமாக வந்தது நிலைத்துவிட்டது.

இந்தத் தொகுதிதான் உங்கள் தடயம். ரவுட்டரின் வேன் (WAN, வெளிப்பக்க இணைப்பு) முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். 100.128 என்றால் அது பொது முகவரி, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்டார்லிங்க் ரவுட்டரையே பயன்படுத்துவோர் விண்டோஸில் டிரேஸ்ரூட் (தரவு போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் tracert கட்டளை) ஓட்டினால் முதல் படி 192.168.1.1, இரண்டாம் படி பெரும்பாலும் 100.64.0.1 என்று காட்டும்.

பகிர்வதால் வேறு தொல்லைகளும் உண்டு. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள். முதல் 1,024-ஐ விலக்கி, ஆளுக்கு 1,024 கொடுத்தால் 63 பேர்தான் அடங்குவார்கள். அவர்களில் ஒருவர் செய்த சேட்டைக்கு மீதி 62 பேரும் ‘நீங்கள் ரோபோவா’ கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். காவல்துறை முகவரியை மட்டும் கொடுத்து ஆளைக் கேட்டால் நிறுவனத்தாலும் சொல்ல முடியாது. போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் வேண்டும்.

வழி ஐபிவி6தான், அதில் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பொது முகவரி இருப்பதால் பகிர வேண்டியதில்லை. ஸ்டார்லிங்க் வீட்டுச் சந்தாவுக்கும் /56 தொகுதி தருகிறது, அதாவது 256 உள்வலைகள். ஆனால் அதன் சொந்த ரவுட்டரில் போர்ட் திறக்கும் விதி எழுத இடமில்லை. செயலியில் பைபாஸ் முறையை (ஸ்டார்லிங்க் ரவுட்டரை ஒதுக்கிவிடும் அமைப்பு) போட்டு, உங்கள் ரவுட்டரை இணையுங்கள். பைபாஸ் போட்டதும் ஸ்டார்லிங்க் வைஃபை நின்றுவிடும், மீட்க ஃபேக்டரி ரீசெட்தான். புது ரவுட்டரின் வேனில் டிஹெச்சிபிவி6 (முகவரித் தொகுதியைத் தானாகக் கேட்டுப் பெறும் முறை), முன்னொட்டு (தொகுதியின் பொதுவான முன்பகுதி) நீளம் 56, உள்வலைக்கு 64. ஃபயர்வாலில் ரெக்கார்டரின் முகவரிக்கும் அதன் போர்ட்டுக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பிவி6 (ஐபிவி6-இன் பிழை அறிவிப்புச் செய்திகள்) முழுவதையும் அடைப்பது பலர் செய்யும் தவறு: ‘பாக்கெட் (தரவுத் துண்டு) பெரிது’ என்ற அறிவிப்பு வராமல் போய், பக்கங்கள் பாதியில் தொங்கும். ஐபிவி6-இல் நடுவழி ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதில்லை, அனுப்பியவரே சிறிதாக்க வேண்டும். முன்னொட்டு மாறவும் கூடும், டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரியை ஒரே பெயரில் பின்தொடரும் சேவை) வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் போனிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். ஜியோ மொபைல் டேட்டாவில் இருக்கும், பல அலுவலக வைஃபையில் இராது. அப்போது பொது முகவரியுள்ள சிறு வாடகை சர்வர் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வயர்கார்ட் (விபிஎன் மென்பொருள்) சுரங்கம் போடுங்கள், பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்க அவ்வப்போது சிறு செய்தி அனுப்பும் அமைப்பு) 25 விநாடி. இந்தக் கீப்அலைவை விட்டுவிட்டால், சும்மா இருக்கும் இணைப்பைச் சிஜிநாட் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். காலையில் வேலை செய்த கேமரா மாலையில் திறக்காது.