உங்கள் தெரு வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது?

சென்னையில் மழைநீர் வடிகால் பணிகளைப் பார்க்கும் பொறியாளர் என்பதால், குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களுக்கு என்னை அழைப்பார்கள். நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: உங்கள் வாசலில் இருக்கும் வடிகாலில் விழும் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது? "எங்கேயாவது சுத்தம் பண்ணித்தான் விடுவாங்க" என்பார்கள் பலர். அப்படி யாரும் சுத்தம் பண்ணுவதில்லை.

நம் ஊரில் இரண்டு தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. கழிவறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர் குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. மாநகராட்சி கட்டும் மழைநீர் வடிகாலோ கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நல்லா என்று அருகில் இருக்கும் நீர்வழியில் நேராகத் திறக்கிறது. நடுவில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. வடிகாலில் ஊற்றியது ஆற்றில் ஊற்றியதுதான்.

மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த ரோட்டில் டயர் தூள், சொட்டிய ஆயில், நாய்க் கழிவு, குட்கா உறை எல்லாம் சேர்ந்து கிடக்கும். முதல் கனமழை அத்தனையையும் வாரிக்கொண்டு போகிறது. வடிகாலில் தேங்கிக் கிடக்கும் சாக்கடையும் அதோடு சேர்ந்து ஆற்றுக்குள் இறங்கினால், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சட்டென்று குறைந்துவிடும். முதல் மழையை அடுத்து அடையாறு முகத்துவாரத்தில் மீன்கள் செத்து ஒதுங்கிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

வடிகாலுக்குள் சாக்கடை எப்படி வந்தது? இதுதான் கூட்டங்களில் யாரும் பேச விரும்பாத விஷயம். பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டது என்றோ, இணைப்புக் கட்டணம் கட்ட மனமில்லாமலோ, ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பைப்பை வடிகாலில் செருகிவிடுகிறார்கள். கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. மே மாதத்தில் வடிகாலுக்குள் எட்டிப் பாருங்கள். மழையே இல்லாதபோது தண்ணீர் ஓடினால் அது பெரும்பாலும் கழிவுநீர். இல்லையென்றால் பக்கத்துக் கட்டடத்தில் அடித்தளம் தோண்டி இறைக்கும் ஊற்றுநீர். நுரையையும் வாடையையும் வைத்தே எது என்று சொல்லிவிடலாம்.

இதற்குத் தலைகீழான தப்பும் நடக்கிறது. மழையில் தெருவில் தண்ணீர் நின்றதும் யாராவது சாக்கடை மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவார்கள். மாடித் தண்ணீரைச் சாக்கடைக் குழாயோடு இணைத்த வீடுகளும் உண்டு. அவ்வளவு மழைநீரைத் தாங்கும் அளவில் அந்தக் குழாய்கள் போடப்படவில்லை. எனவே தாழ்வான தெருவில் மலக்கழிவு பொங்கி, வீட்டுக்குள் வந்து, மிச்சம் மழைநீர் வடிகாலுக்குள் போகிறது. திறந்த மூடி தெரியாமல் விழுந்து உயிர் போகும் ஆபத்து வேறு. தயவுசெய்து அந்த மூடியைத் தொடாதீர்கள். மாடித் தண்ணீருக்கு மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கியதுதான். பல வீடுகளில் அதன் ஜல்லியும் மணலும் வண்டல் ஏறி அடைத்துக் கிடக்கின்றன. செப்டம்பரில் ஒருமுறை எடுத்துக் கழுவிப் போட்டாலே போதும்.

விழிப்புணர்வு நோட்டீஸ் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. கூட்டத்துக்கு வருபவர்கள் வேறு, வடிகாலில் ஊற்றுபவர்கள் வேறு. கலவை மெஷினைக் கழுவிய சிமெண்ட் பாலை ஊற்றும் மேஸ்திரி, பழைய ஆயிலைக் கவிழ்க்கும் மெக்கானிக், ராத்திரி கடை மூடும்போது வாணலி எண்ணெயைக் கொட்டும் பஜ்ஜிக் கடைக்காரர், குப்பையைக் கூட்டி வடிகால் துளைக்குள் தள்ளும் வாட்ச்மேன், இவர்களிடம்தான் பேச வேண்டும். அதுவும் அதட்டாமல் மாற்று வழியோடு பேச வேண்டும். கலவை கழுவ மனையிலேயே ஒரு குழி வெட்டச் சொல்லலாம். பழைய ஆயிலை அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பொரித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்புத் துறை 2018 முதல் நடத்துகிறது. சிமெண்ட் பால் வடிகாலுக்குள் இறுகினால் தூர்வாரும் இயந்திரத்தாலும் சுலபத்தில் எடுக்க முடியாது என்று விளக்கினால் மேஸ்திரிகள் உடனே புரிந்துகொள்கிறார்கள். கான்கிரீட்டைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் பலன் தருகிறது. தெருக்காரர்கள் சேர்ந்து, தங்கள் வடிகால் போகும் வழியிலேயே அது ஆற்றில் திறக்கும் இடம்வரை நடந்து போய்ப் பாருங்கள். அந்த வாயில் சிக்கிக் கிடக்கும் பால் கவர்களைப் பார்த்தவர்களுக்கு அதன்பின் என் சொற்பொழிவு தேவைப்படுவதில்லை. திரும்பி வந்ததும் வடிகால் மூடி மேல் 'இது அடையாற்றில் சேர்கிறது' என்று மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பெயிண்டால் எழுதி வையுங்கள்.

திருட்டு இணைப்பு, உடைந்த மூடி, அடைப்பு என்றால் மாநகராட்சிக்கு 1913, பாதாளச் சாக்கடை என்றால் குடிநீர் வாரியத்துக்கு 1916. பக்கத்தில் உள்ள தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் ஆட்கள் இடம் தேடி அலைய மாட்டார்கள். ஒரு தெருவே சேர்ந்து கேட்க வேண்டியதென்றால் வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். தூர்வாரும் பட்டியலில் உங்கள் தெரு வர வேண்டுமானால் மனு ஜூலைக்குள் போயிருக்க வேண்டும்.