உபுண்டுவில் அப்டேட்டை நிறுத்திய பிறகும் அது ஏன் நிற்பதில்லை?

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டுவில் மென்பொருள் புதுப்பிப்புகளுக்கான அமைப்புச் சாளரத்தைத் திறந்தால், எத்தனை நாளுக்கு ஒருமுறை தானாகச் சோதிக்க வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கும். தினமும், இரண்டு நாளுக்கு ஒருமுறை, வாரம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒருபோதும் வேண்டாம் என ஐந்து பதில்கள். கடைசிப் பதிலைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு, தொல்லை விட்டது என்று எழுந்து போகிறவர்கள் பலர். நாலு நாள் கழித்துத் திரையின் உச்சியில் ஓர் அறிவிப்பு வந்து நிற்கும்: ஃபயர்ஃபாக்ஸுக்குப் புதுப்பிப்பு காத்திருக்கிறது, செயலியை மூடுங்கள், இன்னும் 13 நாள் இருக்கிறது.

கணினி சொல்பேச்சு கேட்காமல் இல்லை. நாம் சொன்னது ஒருவரிடம். அறிவிப்பு வந்தது இன்னொருவரிடமிருந்து. சராசரி உபுண்டு மேசைக் கணினியில் புதுப்பிப்பு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் நிரல்கள் குறைந்தது மூன்று. ஒன்று செய்வது மற்றொன்றுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, நாம் ‘அப்டேட்’ என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவதில் நான்கு வேலைகள் அடங்கியிருக்கின்றன: புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பது, வந்ததைப் பதிவிறக்குவது, நிறுவுவது, நமக்குச் சொல்வது. நமக்கு எரிச்சல் தருவது இவற்றில் ஏதோ ஒன்றுதான். ஆனால் பெரும்பாலானோர் போய் அணைப்பது முதலாவதை.

அந்த முதல் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உபுண்டு, அதன் தாயான டெபியன், லினக்ஸ் மின்ட், சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் எல்லாவற்றிலும் பொதிகளை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டித்தரப்படும் மென்பொருள்களைக் கையாள்வது ஏபிடி என்ற கருவி. 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 பதிப்போடு புழக்கத்துக்கு வந்தது. இதன் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. உங்கள் கணினியில் என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது என்று அது சேவையகத்திடம் ஒப்பிப்பதில்லை. பொதிகள் குவித்துவைக்கப்பட்டிருக்கும் இணையக் களஞ்சியத்தின் முழுப் பட்டியலையும் வாங்கிவந்து, ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது. ரேஷன் கடைக்குப் பையில்லாமல் போய், என்ன சரக்கு வந்திருக்கிறது என்று பலகையை மட்டும் படித்துவிட்டுத் திரும்புவது போன்றது இந்தச் சோதனை.

பட்டியல் பெரியது. தினமும் முழுதாக இழுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஏபிடி முதலில் கேட்பது ‘இன்ரிலீஸ்’ என்ற ஒரே கோப்பை. களஞ்சியத்திலுள்ள ஒவ்வொரு பட்டியலின் அளவும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஷா-256 கைரேகையும், வெளியிட்ட தேதியும் அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து வெளியீட்டாளரின் டிஜிட்டல் கையொப்பமும் அதே கோப்பிலேயே இருக்கும். அதைக் கேட்கும்போதுகூட, ‘நான் கடைசியாக வாங்கிய தேதிக்குப் பிறகு மாறியிருந்தால் மட்டும் கொடு’ என்றுதான் ஏபிடி கேட்கிறது. மாறவில்லை என்றால் சேவையகம் 304 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும், கோப்பு வராது. கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் கைப்பட ஏபிடி அப்டேட் கொடுத்தால் வரிசையாக ‘ஹிட்’ என்று ஓடுகிற வரிகள் அத்தனையும் இந்த 304கள்தாம். ‘கெட்’ என்று வரும் வரிகளில்தான் உண்மையில் ஏதோ இறங்குகிறது. இன்ரிலீஸ் புதிதாக இருந்தாலும், அதிலுள்ள கைரேகைகளைத் தன்னிடம் இருக்கும் பட்டியல்களோடு ஒப்பிட்டு, மாறிய பட்டியல்களை மட்டுமே அது வாங்கும்.

உபுண்டுவின் களஞ்சிய முகவரிகளில் பல இன்னும் பூட்டுக்குறி இல்லாத வெறும் எச்டிடிபியாக இருப்பதைக் கண்டு பதறுபவர்கள் உண்டு. நம்பிக்கை வழியில் இல்லை, கையொப்பத்தில் இருக்கிறது. நடுவழியில் யாராவது பட்டியலைத் திருத்தினால் கையொப்பம் பொருந்தாது. பொதியைத் திருத்தினால் கைரேகை பொருந்தாது. நீங்கள் எந்தப் பொதியை இறக்குகிறீர்கள் என்பதை வழியில் இருப்பவர் வேடிக்கை பார்க்கலாம் என்பது மட்டும் உண்மை.

இந்தச் சோதனையை எழுப்பிவிடுவது யார்? முன்பு அது கிரான் என்ற பழைய நேரக்காப்பாளரின் வேலை. டெபியன் குடும்பத்தில் தினசரி வேலைகளுக்கு என்று கிரானில் எழுதப்பட்ட நேரம் காலை 6:25. உலகத்தின் ஒரு நேர மண்டலத்தில் இருக்கும் கணினிகள் எல்லாம் 6:25க்கு ஒரே சேவையகத்தின் கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்காக அந்தக் காலத்திலேயே நிரலுக்குள் அரை மணி நேரம் வரை கண்டபடி தூங்கிவிட்டு எழும் ஏற்பாடு இருந்தது. இப்போது பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஏபிடி-டெய்லி என்ற டைமருக்கு இரண்டு நேரங்கள்: காலை 6 மணி, மாலை 6 மணி. ஆனால் அதற்குக் கீழேயே இன்னொரு வரி, 12 மணி நேரம் வரை தற்செயலாகத் தாமதிக்கலாம் என்று சொல்கிறது. ஆக, உங்கள் கணினி எந்த நிமிடத்தில் சோதிக்கும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. சேவையகத்துக்கு அதுதான் நிம்மதி. நமக்குத்தான், ‘எப்போது பார்த்தாலும் அப்டேட் ஓடுகிறது’ என்ற உணர்வு.

அந்த டைமரில் இன்னொரு குணம்: நேரம் வந்தபோது கணினி அணைந்திருந்தால், தவறிய முறையை மறக்காமல் அடுத்த முறை கணினி எழுந்த பிறகு செய்யும். மூன்று நாள் மூடிவைத்த மடிக்கணினியைத் திறந்ததும் வலையமைப்பு விளக்கு படபடக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இது. மறுபக்கம், மின்கம்பி செருகாமல் பேட்டரியில் ஓடும்போது ஏபிடி-டெய்லி வேலையைத் தொடங்காது. அந்த இரக்கம் அதற்கு உண்டு.

டைமர் எழுப்பியதும் ஓடும் நிரல், ஏபிடியின் அமைப்பு அடைவில் (ஃபோல்டரில்) ‘20ஆட்டோ-அப்கிரேட்ஸ்’ என்ற பெயரில் இருக்கும் சிறு கோப்பைப் படிக்கிறது. அதில் இரண்டே வரிகள். முதல் வரி பட்டியலைப் புதுப்பிப்பதற்கு, இரண்டாவது தானாக நிறுவுவதற்கு. ஒவ்வொன்றின் எதிரிலும் மேற்கோள்குறிக்குள் ஓர் எண். ஆம், இல்லை என்பதைக் குறிக்கும் எண் அல்ல அது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கு. 1 என்றால் தினமும், 7 என்றால் வாரம் ஒருமுறை, 0 என்றால் வேண்டாம். அமைப்புச் சாளரத்தில் நாம் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று தேர்ந்தெடுக்கும்போது நடப்பது முதல் வரியின் எண் 0 ஆவதுதான். டைமர் வழக்கம்போல அடிக்கும், நிரல் எழும், 0 என்று படிக்கும், படுத்துவிடும்.

முதல் வரி 0, இரண்டாம் வரி 1 என்று விட்டுவைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். இரண்டும் தனித்தனிக் கணக்குகள். தானாகச் சோதிப்பது நின்றிருக்கும். ஆனால் ஏதோ ஒரு மென்பொருளை நிறுவுவதற்காக நீங்கள் கைப்பட ஏபிடி அப்டேட் கொடுத்தால் புதிய பட்டியல் உள்ளே வந்துவிடுகிறதே, அதை வைத்துக்கொண்டு மறுநாள் காலை தானியங்கி நிறுவி தன் வேலையைக் காட்டிவிடும். எல்லாவற்றையும் அணைத்தும் எப்படி நடந்தது என்று தலையைச் சொறிபவர்கள் இந்த இரண்டாம் வரியைப் பார்க்க வேண்டும்.

அந்த நிறுவியின் பெயர் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ். பைத்தானில் எழுதப்பட்டது. இதற்கு எழுதப்பட்ட அளவுக்கு வசைகள் வேறு எந்த நிரலுக்கும் கிடைத்திருக்காது. பாதிக்கு மேல் நியாயமற்றவை. உபுண்டுவில் அது இயல்பாகத் தொடுவது பாதுகாப்புத் திருத்தங்களை மட்டுமே. புதிய வசதிகளையோ சாதாரண பிழைத்திருத்தங்களையோ அது கைவைப்பதில்லை. கோபம் வருவது வேறு இடத்தில். அவசரமாக ஒரு பொதியை நிறுவப் போகும்போது, ஏபிடிக்கு அடியில் நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜியின் ‘லாக்-ஃபிரண்டெண்ட்’ பூட்டு கிடைக்கவில்லை, இன்ன எண்ணுள்ள செயல்முறை அதை வைத்திருக்கிறது என்று முனையம் சொல்லும். அடைப்புக்குறிக்குள் இந்த நிறுவியின் பெயர், வால் நறுக்கப்பட்டு நிற்கும்.

அப்போது ‘பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள், சரியாகிவிடும்’ என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். செய்யாதீர்கள். அந்தக் கோப்பு வெறும் காலிக் கோப்பு. அது இருப்பதே பூட்டு அல்ல. அதைத் திறந்துவைத்திருக்கும் செயல்முறையின் பெயரில் இயங்குதளத்தின் மையமான கர்னல் தன் கணக்கில் எழுதிவைத்திருக்கும் உரிமைதான் பூட்டு. கோப்பை அழித்தால் அந்த உரிமை போகாது, முதல் நிரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் தொடங்கும் இரண்டாவது நிரலோ அதே பெயரில் புதிய கோப்பை உருவாக்கி, அதன்மேல் தனக்கொரு பூட்டைப் போட்டுக்கொள்ளும். இப்போது இரண்டு நிரல்கள் ஒரே தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் எழுதுகின்றன. எது நடக்கக் கூடாது என்பதற்காகப் பூட்டு இருந்ததோ அதுவே நடக்கிறது. சில நிமிடம் பொறுத்திருப்பதே மேல்.

இனி ஃபயர்ஃபாக்ஸ் அறிவிப்புக்கு வருவோம். உபுண்டு 22.04 முதல் அந்த உலாவி ஏபிடி வழியாக அல்ல, ஸ்னாப் என்ற வேறொரு பொதி வடிவில் வருகிறது. ஸ்னாப்டி என்ற வேறொரு பின்னணிச் சேவை அதைக் கவனிக்கிறது; ஏபிடியின் 0, 1 எதையும் அது படிப்பதில்லை. நாளுக்கு நான்கு முறை தன் கடையைப் பார்த்துவிட்டு, புதியது இருந்தால் தானே மாற்றிவிடும். செயலி திறந்திருந்தால் 14 நாள் வரை காத்திருக்கும். அந்த 13 நாள் கணக்கு அங்கிருந்து வருகிறது. பல ஆண்டுகளாக இதை நிரந்தரமாக நிறுத்த நேரான வழியே இல்லை, தள்ளிப்போட மட்டுமே முடிந்தது. என் கணினியில் எப்போது எது மாறும் என்பதை நான் அல்லவா சொல்ல வேண்டும் என்று லினக்ஸ் பயனர்கள் கொதித்தது நியாயமே. 2022இன் கடைசியில்தான் ஸ்னாப் ரிஃப்ரெஷ் கட்டளையோடு ‘ஹோல்டு’ என்ற தெரிவு வந்தது. நாள் எதுவும் குறிப்பிடாமல் கொடுத்தால் தானாக மாறுவது காலவரையின்றி நிற்கும். ஒரே ஒரு செயலியின் பெயரைச் சொல்லி அதை மட்டும் நிறுத்தவும் முடியும்.

டெபியனிலும் ஃபெடோராவிலும் க்னோம் மேசைச்சூழல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கை இருக்கிறது: க்னோம் சாஃப்ட்வேர். பேக்கேஜ்கிட் என்ற இடைத்தரகர் வழியாக அது பின்னணியிலேயே பதிவிறக்கிவைத்துக்கொள்ளும். அதன் விருப்பத்தேர்வுகளில் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்தால் போதும். ஃபெடோராவில் பட்டியலை மட்டும் புதுப்பிக்கத் தனி டைமரும் உண்டு.

டைமர்களையே அடக்க விரும்புபவர்கள் சிஸ்டம்டியின் மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ‘ஸ்டாப்’ இப்போதைக்கு மட்டும். மறுபடி கணினி எழும்போது டைமரும் எழும். ‘டிசேபிள்’ செய்தால் தானாக எழாது, ஆனால் வேறொரு நிரல் வேண்டுமானால் எழுப்பலாம். ‘மாஸ்க்’ செய்தால் அந்த அலகின் பெயரே ஒன்றுமில்லாத சாதனத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. யாராலும் எழுப்ப முடியாது. மாஸ்க் செய்ததை ஆறு மாதம் கழித்து மறந்துபோவது மிகச் சுலபம் என்பதால், வீட்டுக் கணினிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, எதைத்தான் அணைப்பது? இணையச் செலவுதான் கவலை என்றால் சோதனையை விட்டுவையுங்கள். அது இழுப்பது வழக்கமாகச் சில மெகாபைட்தான். வலையமைப்பு அமைப்பில் அந்த இணைப்பை ‘அளவிடப்பட்டது’ (டேட்டாவுக்குக் கணக்கு உண்டு) என்று குறித்தால், தானியங்கி நிறுவியும் க்னோம் சாஃப்ட்வேரும் பெரிய பதிவிறக்கங்களைத் தவிர்த்துவிடும். ஆண்ட்ராய்டு தொலைபேசியின் ஹாட்ஸ்பாட் என்றால் குறிக்கக்கூடத் தேவையிருக்காது. முகவரி கொடுக்கும்போதே ‘இது அளவிடப்பட்ட இணைப்பு’ என்ற துப்பையும் அது சேர்த்து அனுப்புகிறது, கணினியில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் அதைப் பிடித்துக்கொள்ளும். ஸ்னாப்புக்கு மட்டும் இதையும் தனியாகச் சொல்லவேண்டும். பாடம் நடத்தும்போது இடையில் குதிக்கும் அறிவிப்புதான் பிரச்சினை என்றால் அணைக்க வேண்டியது அறிவிப்பை. ஒரு குறிப்பிட்ட பொதியின் பதிப்பு மாறக் கூடாது என்றால் ஏபிடி-மார்க் என்ற கட்டளையைக் கொண்டு அந்த ஒன்றை மட்டும் பிடித்துவைக்கலாம்.

பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவுவதை நிறுத்துபவர்கள் சிலர், எக்ஸ்இசட் விவகாரத்தைச் சான்றாகக் காட்டுகிறார்கள். கோப்புகளைச் சுருக்கும் அந்தக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்ததை, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழி நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச் 29 அன்று வெளியிட்டார். புதியது எல்லாம் நல்லதல்ல என்பது சரி. ஆனால் அந்தப் பதிப்புகள் நுழைந்தது டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள். நிலையான வெளியீட்டை அவை எட்டவில்லை. நிலையான கிளைக்கு வரும் பாதுகாப்புத் திருத்தம் பொதுவாகப் புதிய பதிப்பே அல்ல. பழைய பதிப்பின்மேல் ஓட்டையை மட்டும் அடைக்கும் சில வரிகள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

எதை அணைத்தாலும், அணைந்ததா என்று பார்க்க ஏபிடியின் பதிவு அடைவில் ‘ஹிஸ்டரி’ என்ற கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு நிறுவலுக்கும் தொடங்கிய நேரம், கொடுத்த கட்டளை, மாறிய பொதிகள், முடிந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் அணைத்த தேதிக்குப் பிறகும் கட்டளை வரியில் அன்அட்டெண்டட்-அப்கிரேட் என்று தென்பட்டால், பெரும்பாலும் நீங்கள் 0 போட்ட கோப்பு, அமைப்பு அடைவில் இருக்கும் இன்னொரு கோப்பான ‘10பீரியாடிக்’ ஆக இருக்கும். ஏபிடி அந்த அமைப்பு அடைவின் கோப்புகளைப் பெயர் வரிசையில் படிக்கிறது, பின்னால் வருவது முன்னால் வந்ததை மீறுகிறது. 10இல் நீங்கள் எழுதிய 0 அங்கேயே இருக்கும், ‘20ஆட்டோ-அப்கிரேட்ஸ்’ கோப்பில் இருக்கும் 1தான் செல்லும்.