எஸ்கேப் செட் வாங்கும் முன் தப்பிக்கும் வழியை நடந்து பாருங்கள்

தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையில் இருப்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "எமர்ஜென்சி எஸ்கேப் செட் வாங்கணும் சார், 10 நிமிஷமா, 15 நிமிஷமா?" விஷவாயு கசிந்தால் மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவதற்கான சிறிய சுவாசக் கருவிதான் எஸ்கேப் செட்; நிமிடம் என்பது அது தாங்கும் நேரம். சில வகை இருக்கிற காற்றை வடிகட்டித் தரும், சில வகை தானே காற்றோ ஆக்சிஜனோ தரும். நான் திருப்பிக் கேட்பேன்: அங்கே என்ன வாயு கசியும்? கசிந்தால் சுவாசிக்க ஆக்சிஜன் மிச்சம் இருக்குமா? இதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் நிமிடக் கணக்கு.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்று விதிகள் சொல்கின்றன. 16-ஐ நெருங்கும்போது யோசனை தடுமாறும், கைகால் சொன்னபடி கேட்காது. 10-க்குக் கீழே நினைவு தப்பிவிடும். நைட்ரஜன் நிரம்பிய தொட்டியில் இது சில மூச்சுகளிலேயே நடந்துவிடும். வாடையும் இல்லை, நிறமும் இல்லை. அங்கே ஃபில்டர் ஹூட் (தலையை மூடும் வடிகட்டி உறை) போட்டவரும் போடாதவரும் ஒன்றுதான், ஏனென்றால் ஃபில்டர் இருக்கிற காற்றைச் சுத்தம் செய்யுமே தவிர ஆக்சிஜனை உண்டாக்காது. எடை குறைவு, விலையும் குறைவு என்பதற்காக எல்லா இடத்துக்கும் ஃபில்டரையே வாங்கி மாட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

ஃபில்டர் போதும் என்கிற இடத்திலும் எந்த ஃபில்டர் என்று பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடை சாதாரணக் கரித்தூள் பிடிக்காது. அதற்கு ஹாப்கலைட் என்ற வினையூக்கி உள்ள ஃபில்டர் வேண்டும். ஈரம் பட்டால் அது கெட்டுவிடும். அதனால்தான் சீல் செய்து வருகிறது. சீல் உடைந்த ஃபில்டரை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள்.

"வாடை வந்தா போட்டுக்கலாம்" என்பது இன்னொரு ஆபத்தான பேச்சு. ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல நாறும். சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) வந்ததும் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும் அளவும் அதே 100 தான். வாடை நின்றதும் வாயு போய்விட்டது என்று நினைப்பவர் அப்படியே விழுந்துவிடுவார். கேஸ் டிடெக்டர் அலாரம் அடித்தால் உடனே போட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, நிமிடக் கணக்குக்கு வருவோம். தானே காற்று தரும் வகையில், 2 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 400 லிட்டர் காற்று இருக்கும். ஹூடுக்குள் நிமிடத்துக்கு 40 லிட்டர் போனால் 10 நிமிடம். 3 லிட்டர் சிலிண்டர் என்றால் 15. ஹூடில் காற்று ஒரே சீராக வருவதால் இந்தக் கணக்கு ஓரளவு நிற்கும். இழுக்கும்போது மட்டும் காற்று தரும் டிமாண்ட் வகையில், ஓடுகிறவர், ஏணி ஏறுகிறவர், பதறுகிறவர் மூச்சுதான் நேரத்தை முடிவு செய்யும். எதுவானாலும் வேலை நடக்கும் மிகத் தொலைவான மூலையிலிருந்து அசெம்பிளி பாயிண்ட் (ஆபத்தின்போது எல்லோரும் வந்து கூடும் பாதுகாப்பான இடம்) வரை ஒருவரை நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள். உங்களில் மெதுவாக நடப்பவரைத் தேர்ந்தெடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு முறை, வழக்கமான வழி அடைபட்டதாக வைத்துக்கொண்டு மாற்று வழியில் ஒரு முறை. வந்த நேரங்களில் பெரியது கருவியின் நேரத்தில் பாதியைத் தாண்டினால் நான் அதற்கு ஒப்புதல் தருவதில்லை.

சுரங்கம் போல நீண்ட தூரம் நடந்து வெளியேற வேண்டிய இடங்களில் பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு உள்ள கருவிகள் உதவும். நாம் விடும் மூச்சின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் வாங்கிக்கொண்டு அது ஆக்சிஜன் தரும். வரும் காற்று சூடாக இருக்கும். இதை முன்பே சொல்லித் தராவிட்டால், கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பாதி வழியில் கழற்றிவிடுவார்கள்.

முகத்தோடு ஒட்டும் மாஸ்க் தாடி வைத்தவருக்கும் கண்ணாடி போட்டவருக்கும் சரியாகப் பொருந்தாது. கழுத்தில் இறுகும் ஹூட் அவர்களுக்கு நல்லது.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். எஸ்கேப் செட் வெளியே வருவதற்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு யாரையும் காப்பாற்ற உள்ளே போகாதீர்கள். கப்பல்களில் வைக்கும் கருவிக்கான சர்வதேச விதி, குறைந்தது 10 நிமிடம் வர வேண்டும் என்பதோடு, தீயணைக்கவோ ஆக்சிஜன் குறைந்த தொட்டிக்குள் நுழையவோ பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் நிறுவனம் 1986-இல் எழுதியது. கூட வேலை பார்ப்பவர் கண்ணெதிரே விழும்போது நிற்கச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முழு சுவாசக் கருவியோடு பயிற்சி பெற்ற மீட்பு ஆட்களை, வேலை தொடங்கும் முன்பே வாசலில் நிறுத்தி வைக்க வேண்டும்.

அப்புறம், கருவி எங்கே இருக்கிறது? கன்ட்ரோல் ரூம் அலமாரியில் பூட்டி வைத்தது யாருக்கும் உதவாது. இடுப்பிலோ கைக்கெட்டும் தூரத்திலோ இருக்க வேண்டும். பிரஷர் கேஜ் முள்ளை ஷிஃப்ட் தொடங்கும்போதே பார்க்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு பெர்மிட் (வேலை தொடங்க எழுத்து மூல அனுமதி) கொடுக்கும்போது கையெழுத்து மட்டும் வாங்காமல், பயிற்சி செட்டை ஒரு முறை தாங்களாகவே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் மறுபடியும் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பெர்மிட்டைக் கொடுங்கள்.