கரண்டு போனால் உங்கள் வீட்டு போன் பேசுமா?

போன மாதம் சோழவந்தான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிய அம்மா, தனியாக இருக்கிறார். மகன் வெளிநாட்டில். பழைய செம்புக் கம்பி லைனை எடுத்துவிட்டு ஃபைபர் என்ற கண்ணாடி இழை லைன் கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதே எண், அதே மேசை, அதே போன். முந்தின நாள் சாயங்காலம் மழைக்குக் கரண்டு போய், இரவு முழுக்க வரவில்லை. அந்த நேரம் பார்த்து அவருக்கு மூச்சு இரைத்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பி மகனைக் கூப்பிடலாம் என்று ரிசீவரை எடுத்தால் சத்தமே இல்லை. விடியும்வரை சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஏப்பா, பழைய லைன்ல கரண்டு இல்லாட்டியும் கொர்ருன்னு சத்தம் வருமே, இதுல ஏன் வரல?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. லைன் மாற்ற வந்தவர்கள் அவர் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டிய பதில் அதற்கு உண்டு. அந்தப் பதிலைச் சொல்ல, நான் வேலை பழகிய பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் உங்களைக் கொஞ்சம் கூட்டிப்போக வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ஊருக்கே மூன்று இலக்க எண்தான். ஸ்ட்ரோஜர் வகை எக்ஸ்சேஞ்ச். அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891இல் காப்புரிமை வாங்கிய முறை அது. தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற கோபத்தில் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1892இல் லா போர்ட் என்ற ஊரில் முதல் எக்ஸ்சேஞ்ச் வந்தது. இந்தியாவில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் சிம்லாவில், 1913-14இல்.

நீங்கள் ரிசீவரை எடுத்ததும் உங்கள் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளும் போனுக்குள் ஒன்று சேர்ந்து சுற்று முழுமையாகும். எக்ஸ்சேஞ்சில் உங்கள் லைனுக்கென்று இருக்கும் ரிலே, அதாவது மின்காந்தத்தால் வேலை செய்யும் சுவிட்ச், 'டிக்' என்று இழுக்கும். உடனே யூனிசெலக்டர் என்ற சின்ன இயந்திரம் தன் கையைச் சுழற்றி, சும்மா இருக்கும் ஒரு செலக்டரைத் தேடிப் பிடிக்கும். நீங்கள் சுழற்றும் எண்ணுக்கேற்ப நகர்ந்து லைனை இணைக்கும் இயந்திரம்தான் செலக்டர். பிடித்த பிறகுதான் உங்கள் காதில் அந்தக் 'கொர்ர்' கேட்கும். அதாவது, "உனக்கு ஓர் ஆள் ஒதுக்கியாச்சு, நம்பரைச் சொல்லு" என்று எக்ஸ்சேஞ்ச் சொல்கிறது.

இப்போது போனின் வட்ட டயலில் 347 சுழற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 3இல் விரலை வைத்து இழுத்து விட்டால், டயல் திரும்பி வரும்போது லைனில் ஓடும் மின்சாரத்தை மூன்று முறை வெட்டும். ஒரு நொடிக்குப் பத்து வெட்டு, அதுதான் கணக்கு. வெட்டு ஒவ்வொன்றுக்கும் செலக்டரின் தண்டு ஒரு படி மேலே ஏறும். டக், டக், டக். மூன்றாவது தட்டு. அங்கே பத்து முனைகள் வளைவாக வரிசையில் இருக்கும். அடுத்த எண்ணுக்கு நீங்கள் விரலைக் கொண்டுபோகும் அந்த அரை நொடிக்குள், செலக்டர் தானாகவே சர்ரென்று பக்கவாட்டில் சுழன்று, காலியாக இருக்கும் ஒரு முனையைப் பிடித்துவிடும். அந்த முனைக்கு அந்தப்பக்கம் இருப்பது கடைசி செலக்டர். அது 4க்கு நாலு படி ஏறும், 7க்கு ஏழு படி பக்கவாட்டில் நகரும். நாலாவது தட்டு, ஏழாவது முனை. எங்கள் ஊரில் அந்த முனைதான் டாக்டர் வீடு.

இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. போன் நம்பர் என்பது வெறும் பெயர் மாதிரி என்று அதுவரை நினைத்திருந்தேன். அங்கே அது ஓர் இடம். விரலால் தொட்டுக் காட்டலாம்.

கடைசி செலக்டர் அந்த முனையைத் தொட்டதும், அந்த லைனுக்குரிய மூன்றாவது கம்பியைச் சோதிக்கும். அந்தக் கம்பி வீட்டுக்கு வராது, எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும். அதில் எர்த் இருந்தால் ஆள் பேசிக்கொண்டிருக்கிறார், எங்கேஜ் சத்தம் கொடு. இல்லாவிட்டால் மணியடி. மணியடிக்கும் மின்சாரம் வேறு, சுமார் 75 வோல்ட் ஏசி. லைனைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் நல்ல உதறல் உதறும்.

பகலில் ஸ்விட்ச் ரூமில் கத்திப் பேச வேண்டும், அவ்வளவு இரைச்சல். இரவில்தான் ஒவ்வொரு அழைப்பும் தனித்தனியாகக் கேட்கும். ஒரு மார்கழி இரவு, இரண்டு மணி இருக்கும். ஒரு ராக்கில் டக், டக், டக். சர்ர். அடுத்த ராக்கில் நாலு, பிறகு ஏழு. டாக்டர் வீடு என்று எண்ணிக்கையிலேயே தெரிந்துவிட்டது. மணி போகிறது, போகிறது, யாரும் எடுக்கவில்லை. நின்றது. மறுபடியும் மூன்று, நாலு, ஏழு. நான் நாற்காலியிலிருந்து எழுந்து அந்தக் கடைசி செலக்டர் முன்னால் போய் நின்றேன். பித்தளை விரல் மாதிரி இருக்கும் அந்த வைப்பர், முனையின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ரிலே விழுந்தது. எடுத்துவிட்டார்கள். ஊருக்குள் எந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வைப்பரை முந்தின வாரம் துடைத்துச் சரிபார்த்தவன் நான்.

தூசிதான் எங்களுக்கு எதிரி. முனையில் மெல்லிய அழுக்குப் படலம் படிந்தால் பேச்சில் கரகரப்பு வரும், பக்கத்து முனையோடு உரசினால் அடுத்தவர் பேச்சு கேட்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம், கோயிலுக்குப் போகிற மாதிரி.

அந்தக் காலத்தில் நாங்கள் ஓயாமல் சொன்ன ஓர் எச்சரிக்கை உண்டு: டயல் திரும்பும்போது விரலால் தள்ளாதீர்கள். அவசரத்தில் பலர் தள்ளுவார்கள். தள்ளினால் வெட்டுகள் வேகமாகிவிடும், செலக்டர் ஒன்றிரண்டை எண்ணத் தவறிவிடும், ராங் நம்பர் விழும். எக்ஸ்சேஞ்ச் மேல் புகார் வரும். போய்ப் பார்த்தால் அவர் விரல்தான் காரணமாக இருக்கும். கடைகளில் டயலுக்குச் சின்னப் பூட்டுப் போட்டிருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? பூட்டின போனிலும் பையன்கள் பேசுவார்கள். ரிசீவர் வைக்கிற இடத்தின் பொத்தானை மூன்று முறை தட்டினால் அது 3தான். வெட்டு டயலிலிருந்து வந்ததா, விரல் தட்டியதா என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. எங்கேஜ் சத்தம் கேட்டால் எதிர்ப்பக்கம் பேசுகிறார்கள் என்றுதான் பொருள் என்பதில்லை. பத்து முனையும் நிரம்பியிருந்தால் செலக்டர் பதினோராவது படிக்குப் போய் நின்று அதே சத்தத்தைக் கொடுக்கும். தீபாவளிக் காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், ஊரே எங்கேஜ். "என் மச்சான் வேணும்னே போனை எடுத்துக் கீழ வச்சிருக்கான்" என்று ஒருவர் நேரில் வந்து சண்டை போட்டார். அவருக்கு ராக்கைக் காட்டி விளக்கினேன்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இத்தனை ரிலேவும் செலக்டரும் எதில் ஓடின? பேட்டரியில். பேட்டரி ரூமில் இடுப்பளவுக்கு அடுக்கியிருக்கும் ஈய-அமில செல்கள், ஒவ்வொன்றும் 2 வோல்ட், 24 செல் சேர்ந்தால் சுமார் 50 வோல்ட். ஊர் கரண்டு அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யும், அவ்வளவுதான். போனுக்கு மின்சாரம் போனது பேட்டரியிலிருந்து. உங்கள் குரலைச் சுமந்ததும், நீங்கள் சுழற்றிய எண்ணைச் சுமந்ததும் அந்த மின்சாரம்தான். உங்கள் தெருவில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்பது போனுக்குத் தேவையில்லாத விஷயம். பிறகு ஸ்ட்ரோஜர் போய் எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வந்தபோதும் செம்புக் கம்பி இருந்தவரை இந்த ஏற்பாடு மாறவில்லை.

ஃபைபரில் வருவது ஒளி. கண்ணாடி இழை வழியாக எக்ஸ்சேஞ்ச் உங்கள் போனுக்குக் கரண்டு அனுப்ப முடியாது. அதனால் உங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளை அல்லது கறுப்புப் பெட்டிக்கு உங்கள் வீட்டு பிளக்கிலிருந்துதான் மின்சாரம். கரண்டு போனால் பெட்டி அணையும், போனும் அணையும். ஃபைபரின் குற்றம் இல்லை இது. வேகமும் தெளிவும் அதில் கூடுதல்தான். ஆனால் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் லைனை மாற்றிவிட்டுப் போவது தப்பு. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

உங்கள் வீட்டில் இன்றே செய்து பாருங்கள்: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரிசீவரை எடுங்கள். சத்தம் வந்தால் சரி. வராவிட்டால், இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் பெட்டி மாட்டியிருக்கும் பிளக் பாயிண்ட் பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும் கொடுத்திருப்பார்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் போதும். வாங்கும்முன் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும், ஆனாலும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கம்பியில்லாத கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் அதன் அடிப்பாகத்துக்கும் தனியாகக் கரண்டு வேண்டும். அதனால் பெரியவர்கள் அறையில் சாதாரணக் கம்பி போன் ஒன்றை வையுங்கள்.

அந்த அம்மா வீட்டுக்கு மறுநாள் ஒரு சின்ன யூபிஎஸ்ஸோடு போனேன். மாட்டி முடித்ததும், "அத்தை, இப்ப மெயினை அணைக்கிறேன், நீங்களே எடுத்துப் பாருங்க" என்றேன். ஃபேன் மெல்ல நின்றது. காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "பழைய கொர்ரு இல்ல, ஆனா வருதுப்பா" என்றார். பிறகு அதே கையோடு தம்பி மகன் நம்பரை அழுத்தினார்.